வளவில் மூன்று நாள் சூப்பர்ஹீரோ படம்: எதைப் போடுவது, எப்படிப் போடுவது?

முகப்புத்திண்ணை:

எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்து ஊர். மே மாதம் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்து சேரும் நேரத்தில், ஒரு பெரிய வீட்டில் மூன்று நாள் மாலை படம் போடலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். என்ன படம் வேண்டும் என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து காலேஜ் முடித்தவர்கள் வரை ஒரே பதில்தான்: சூப்பர்ஹீரோ படம். பாதிப் பேர் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்றே பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

120 பேர் வருவார்கள். அதில் கால்வாசி அப்பத்தா, ஆயா, ஐயா வயது. படம் தமிழில்தான் ஓட வேண்டும். அவர்கள் பாதியில் எழுந்து போகாமல் பேரப்பிள்ளைகளோடு கடைசிவரை உட்கார வேண்டும். இந்த ஏற்பாடே அதற்காகத்தான்.

இடம் இரண்டு இருக்கிறது. ஒன்று வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம்: வானம் பார்த்தது, 40க்கு 25 அடி, சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். இன்னொன்று இரண்டாம் கட்டில் பந்தி போடும் கூடம்: 60க்கு 20 அடி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். சுவர் வெள்ளையாகப் பளபளவென்று இருப்பதால் திரையே வேண்டாம், சுவரிலேயே அடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். டிக்கெட் கிடையாது.

எந்த மூன்று படம்? எந்த இடம்? ப்ரொஜெக்டரும் சவுண்டும் எந்த அளவில் வாடகைக்கு எடுப்பது? விவரமாகச் சொல்லுங்கள்.

இரும்புக்கை:

எண்ட்கேமை முதலில் கழித்துவிடுங்கள். நல்ல படம்தான், ஆனால் உங்கள் கூட்டத்துக்கும் நேரத்துக்கும் ஒத்துவராது.

நேரக் கணக்கைப் பாருங்கள். அந்தப் படம் 181 நிமிடம். மே மாதம் நம் பக்கம் ஆறரைக்குத்தான் பொழுது சாயும். திறந்த முற்றத்தில் படம் தெளிவாகத் தெரிய 7.10 ஆகும். அப்போது ஆரம்பித்து இடைவேளைக்கு 15 நிமிடம் விட்டால் முடிய 10.26. இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. எந்தச் சண்டைக்காகப் பிள்ளைகள் அந்தப் படத்தைக் கேட்கிறார்களோ, அந்தச் சண்டையின்போது நீங்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அது தனிக் கதை இல்லை. 2008-இல் வந்த அயன் மேனில் தொடங்கிய வரிசையில் அது 22ஆவது படம். 2019-இல் அது வந்தபோது தியேட்டரில் எழுந்த ஆரவாரத்தைப் புரிந்துகொள்ள, நம் ஊர்த் திருவிழாவில் போடும் வள்ளி திருமணம் நாடகத்தை நினைத்துப் பாருங்கள். முடிவு என்ன என்று தெரியாமல் யாரும் விடிய விடிய உட்காருவதில்லை. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவதைக் கேட்கத்தான் உட்காருகிறார்கள். கதை முன்பே தெரிந்திருப்பதுதான் அங்கே ருசி. எண்ட்கேமுக்கும் அப்படித்தான்: யார் யாருக்கு என்ன உறவு, யார் மீது யாருக்கு என்ன கோபம் என்பதைப் பதினோரு வருடமாக மனதில் வைத்திருந்தவர்கள்தான் தியேட்டரில் எழுந்து நின்றார்கள். அப்பத்தாவுக்கு அந்தப் பதினோரு வருடம் கிடையாது. அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இவன் யாரு?' என்று கேட்பார், பேரன் எரிச்சல்படுவான், அவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஆகவே தானே முழுதாக நிற்கும் கதை வேண்டும். என் தேர்வு:

முதல் நாள் 2002-இல் வந்த ஸ்பைடர்மேன். 121 நிமிடம், இடைவேளையோடு 9.26க்கு முடிந்துவிடும். அப்பா அம்மா இல்லாமல் பெரியப்பா பெரியம்மா வளர்க்கும் பையன், வாடகை, வேலை, சொல்லாத காதல். முன்கதை ஒன்றும் தேவையில்லை. அமெரிக்காவில் வெளியான முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் இது. அதன்பிறகுதான் பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

இரண்டாம் நாள் 2018-இன் பிளாக் பேந்தர், 134 நிமிடம். இது நகரத்தார் ஊரில் நன்றாக எடுபடும் என்று உறுதியாகச் சொல்வேன். பட்டத்துக்கு வந்த ராஜாவும் அவனை எதிர்த்து வருகிறவனும் அண்ணன் தம்பி மக்கள். அசல் பங்காளிச் சண்டை. ஒரு தலைமுறைக்கு முன் மூத்தவர் மறைத்த தப்புக்கு இந்தத் தலைமுறை பதில் சொல்கிறது. இதை எந்த ஐயாவுக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் 2012-இன் அவெஞ்சர்ஸ், 143 நிமிடம், முடிய 9.48. எல்லா வீரர்களும் வேண்டும் என்கிற பிள்ளைகளின் ஆசையும் தீரும், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறிமுகப்படுத்தியபின்தான் கதை நகரும் என்பதால் பெரியவர்களும் தொலைய மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. உடுப்பைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் டெட்பூல், லோகன், ஜோக்கர் என்றும் கேட்பார்கள். மூன்றுக்கும் இங்கே 'ஏ' சான்றிதழ். ரத்தமும் பேச்சும் சிறுவர்களுக்கு உரியவை அல்ல. 2024 முதல் சான்றிதழில் யுஏ 7+, 13+, 16+ என்று மூன்று படி இருக்கிறது. பழைய படங்களில் வெறும் யுஏ என்றுதான் இருக்கும். அப்படி இருந்தால் ஒரு பெரியவர் முன்னதாகவே முழுசாகப் பார்த்துவிடுவது நல்லது.

உரிமைத்தாள்:

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லையே. அதை இப்போதே தொடங்கினால்தான் மே மாதத்துக்குக் கைக்கு வரும்.

டிக்கெட் இல்லை என்பதால் உரிமைச் சிக்கல் இல்லை என்று நினைக்காதீர்கள். வாங்கிய டிஸ்க்கோ, மாதச் சந்தாவோ வீட்டார் பார்க்கத்தான். 120 பேரைக் கூட்டிப் போட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஸ்பைடர்மேனுக்கு சோனி, மற்ற இரண்டுக்கும் டிஸ்னி. ஆக இரண்டு தனிக் கடிதம். ஒவ்வொன்றிலும் படத்தின் பெயர், தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா, தமிழ் ஒலித்தடம் வேண்டும் என்பது, எந்த வடிவில் தருவார்கள் என்ற கேள்வி, இத்தனையும் இருக்கட்டும். 'தியேட்டருக்கு வெளியே ஒருமுறை திரையிட' என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் கடிதம் தியேட்டர் விநியோகப் பிரிவுக்குப் போய்க் கிடக்கும். குறைந்தது ஒரு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னல் முரளி போடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். இடி விழுந்து சக்தி பெறும் ஊர்த் தையல்காரன் கதை. எதிராளியாக நம் குரு சோமசுந்தரம் அருமையாக நடித்திருப்பார். நம் ஊருக்கு அத்தனை பொருத்தம். ஆனால் அது 2021-இல் நேரடியாக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அவர்கள் பொதுத் திரையிடலுக்கு விடுவது குறிப்பிட்ட சில ஆவணப் படங்களை மட்டும், அதுவும் கல்விக்காக. கதைப் படம் கிடைக்காது.

இங்கே உள்ளூரில் இரண்டு இடம். தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் 1955-இன்படி படம் காட்ட உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். உங்கள் மாதிரி ஒருமுறை நிகழ்ச்சிக்கு என்ன வேண்டும் என்பதைக் காரைக்குடி வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். மூன்று தேதியையும் ஒரே மனுவில் எழுதலாம். முடியும் நேரம் இரவு 10 என்று போடுங்கள்.

பின்னணிக்குரல்:

படத் தேர்வில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அதற்கு முன், இந்தப் படங்கள் நம் பக்கம் ஏன் இவ்வளவு ஓடின என்பதற்கு ஒரு காரணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முகமூடி.

டப்பிங் எழுதுகிறவருக்கு முதல் எதிரி வாயசைவு. ஆங்கில நடிகர் ப, ம போன்ற எழுத்துக்கு உதடு மூடும் இடத்தில் தமிழிலும் உதடு மூடும் எழுத்து விழ வேண்டும். அடுத்தது சொற்களின் வரிசை. ஆங்கிலத்தில் நடுவில் வரும் வினை தமிழில் கடைசியில் நிற்கும். 'நான் உன்னைக் காப்பாற்ற மாட்டேன்' என்பதில் 'மாட்டேன்' வரும்வரை அர்த்தம் தலைகீழாகவே இருக்கும். அங்கே நடிகர் முகத்தில் கோபம் முன்பே வந்துபோயிருக்கும். மூன்றாவது நீளம். நம் சொற்கள் விகுதி மேல் விகுதியாக நீளும், படத்தில் அதற்கு நேரம் இருக்காது. இந்த மூன்றுக்கும் இடையில் சிக்கித்தான் 'ஓ, அப்படியா, சரி வா' என்கிற மாதிரி உயிரில்லாத வசனங்கள் பிறக்கின்றன.

முகமூடி போட்டவனுக்கு இந்த மூன்று தொல்லையும் இல்லை. வாய் தெரியாது. வசனத்தை நீட்டலாம், முன்னே பின்னே தள்ளலாம், தமிழ் ஓட்டத்துக்கு எழுதலாம். 2002 ஸ்பைடர்மேனில் கதாநாயகனுக்கும் முகமூடி, எதிராளி கிரீன் காப்ளினுக்கும் வாய் அசையாத முகமூடி. இருவரும் மாடியில் உட்கார்ந்து பேசும் காட்சியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள், தமிழிலேயே எழுதிய நாடகம் மாதிரி வரும். அயன் மேன் கவசத்துக்குள் பேசுவதும் இப்படித்தான். சூப்பர்ஹீரோ தமிழ் பேசும்போது ஒட்டாமல் தெரியாததற்கு இதுவே பெரிய காரணம்.

குரல் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எண்ட்கேமே சாட்சி. தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார், அயன் மேனாக வரும் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. அவர் குரலைக் கேட்டதும் அவர் முகம் நினைவில் வந்துவிடும். திரையில் வேறொரு முகம் நிற்கிறது, அதற்குப் பழைய படங்களில் வேறு குரல் பழகியிருக்கிறது. அதே விஜய் சேதுபதிதான் 2023-இல் மாவீரனில் கதாநாயகன் காதில் மட்டும் கேட்கும் அசரீரியாகப் பேசினார், படத்தின் பலமே அந்தக் குரல்தான் ஆயிற்று. அங்கே குரலுக்கு முகமே இல்லை, மோதுவதற்கு ஒன்றும் இல்லை.

டப்பிங் என்பதற்கு நம் மண்ணோடு நெருங்கிய உறவு உண்டு. காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பச் செட்டியார்தான் ஹரிச்சந்திரா என்ற கன்னடப் படத்துக்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944-இல் வெளியிட்டார். இந்தியாவில் மொழிமாற்றத்துக்கு வழிபோட்ட முயற்சி அது. பிறகு காரைக்குடியில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தி, நாம் இருவர் படத்தை 1947-இல் கொண்டுவந்தார். உங்கள் ஐயாமாருக்கு இது தெரிந்திருக்கும். முதல் நாள் படத்துக்கு முன் ஒருவர் இரண்டு நிமிடம் இதைச் சொல்லட்டும். பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

என் யோசனை இதுதான். மூன்றாம் நாள் அவெஞ்சர்ஸை எடுத்துவிட்டு மாவீரன் போடுங்கள். பயந்த சுபாவமுள்ள ஓவியன், இடிந்து விழும் குடியிருப்பு, அம்மா தங்கை. நேரடித் தமிழ். இரண்டு நாள் மொழிமாற்றக் குரல் கேட்ட காதுக்கு மூன்றாம் நாள் அது பெரிய நிம்மதி. 160 நிமிடத்துக்கு மேல் ஓடும், அதனால் அன்று இடைவேளை விட முடியாது. பலகாரத்தை 6.30க்கே கொடுத்துவிட வேண்டும்.

எந்தப் படமானாலும் ஒரு வேலை கட்டாயம்: ஒலித்தடத்தை முன்கூட்டிச் சோதிப்பது. 'தமிழ் உண்டு' என்று அட்டையில் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். மூன்று இடம் கேளுங்கள். தொடக்கத்தில் இருவர் மெதுவாகப் பேசும் காட்சி, நடுவில் கூட்டத்தில் பேசும் காட்சி, கடைசிச் சண்டையில் கத்திப் பேசும் காட்சி. மூன்றிலும் வசனம் புரிந்தால் தடம் நல்ல தடம். பிளாக் பேந்தரில் வேறு மொழியில் பேசும் இடங்களுக்கு அடியில் எழுத்து வரும். அது ஆங்கிலத்தில் இருந்தால் ஒருவர் மைக்கில் மெல்லப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

ஆத்தங்குடிக்கல்:

இடமும் கருவியும் நான் சொல்கிறேன். மேலே பின்னணிக்குரல் சொன்னதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கூட்டத்துக்குப் படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, பேச்சு மங்கினால் எழுந்து போய்விடுவார்கள்.

கூடம் வேண்டாம், முற்றம்தான். கல்தரை, சுண்ணாம்புச் சுவர், உயரக் கூரை எல்லாம் ஒலியை உறிஞ்சாது, திருப்பி அடிக்கும். காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். மூன்று நான்கு நொடி அந்தச் சத்தம் சுற்றும். வசனத்தில் ஒவ்வொரு எழுத்தும் அப்படிச் சுற்றினால் அடுத்த எழுத்தை அது மூடிவிடும். 120 பேர் உட்கார்ந்தால் பாதிக்கும் கீழே குறையும், உண்மைதான், ஆனால் மே மாதத்தில் கதவைச் சாத்தி 120 பேர் உட்கார முடியாது. முற்றத்தில் ஒலி வானத்துக்குப் போய்விடும். மழைக்கு மட்டும் கூடத்தை ஒதுக்கி வையுங்கள். அங்கே போக நேர்ந்தால் தரை முழுக்க ஜமக்காளம் விரித்து, பின் சுவரில் பந்தல் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள்.

சுவரில் நேராக அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும். நடுவில் உட்கார்ந்தவர் கண்ணில் விளக்கு வட்டமாக அடிக்கும், ஓரத்தில் இருப்பவருக்குப் படம் இருட்டாகத் தெரியும். திரைக்குப் பளபளப்பே ஆகாது. அந்தச் சுவரில் ஆணி அடிப்பதையும் தயவுசெய்து தவிர்க்கவும், அந்தப் பூச்சை மறுபடி அதே மாதிரி பூச ஆள் கிடைப்பது அரிது.

வாடகைத் திரை கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் வெள்ளைக் காடாத் துணி இரண்டு மடிப்பு, பின்னால் கறுப்புத் துணி ஒன்று. அளவு 12 அடிக்கு 7 அடி. தையல் படுக்கைவாட்டில் வரட்டும், முகங்கள் நடுவில் கோடு விழாது. சவுக்குக் கட்டையில் சட்டம் கட்டி, அடிக்கு ஒன்றாகச் சைக்கிள் ட்யூப் ரப்பரால் இழுத்துக் கட்டுங்கள். கயிற்றால் இறுக்கினால் காற்று அடிக்கும்போது துணி கிழியும், ரப்பர் கொடுத்து வாங்கும். தரையில் உட்காருகிறவர்களுக்காகத் திரையின் அடிவிளிம்பு மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். முற்றத்தின் 25 அடிப் பக்கத்தில் திரை, முதல் வரிசை அதிலிருந்து பத்தடி தள்ளி. பெரியவர்களுக்கு நாற்காலி எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில். தூண் மறைக்காத இடத்தை ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வையுங்கள்.

12 அடி அகலத்துக்கு ப்ரொஜெக்டர் 3,500 முதல் 4,000 ஆன்சி லூமன்ஸ். லூமன்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, 'ஆன்சி' என்றால் தர முறைப்படி அளந்தது. அந்தச் சொல் விவரத்தாளில் இருக்க வேண்டும். வெறும் 'லூமன்ஸ்' என்று ஐந்திலக்கத்தில் போட்டிருக்கும் சின்னப் பெட்டிகளில் பாதிக்குப் பாதி வெளிச்சம்கூட வராது. 1.5 என்ற வீச்சு விகிதம் (திரை அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற கணக்கு) உள்ள கருவியைத் திரையிலிருந்து 18 அடியில் வைக்க வேண்டும். அதாவது கூட்டத்தின் நடுவில். ஆறடி உயர மேடை கட்டி அதன்மேல் வையுங்கள், சுற்றி இரண்டு பெஞ்சு போட்டு மறியுங்கள். தாழ வைத்தால் எழுந்து நடக்கிற ஒவ்வொரு பிள்ளையின் தலையும் திரையில் தெரியும்.

படத்தின் வடிவமும் கணக்கில் வரும். ஸ்பைடர்மேனும் 2012 அவெஞ்சர்ஸும் 1.85:1, அதாவது உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலம். 12 அடி அகலத்தில் படம் ஆறரை அடி உயரம் நிற்கும். பிளாக் பேந்தர் 2.39:1, அதே அகலத்தில் ஐந்தடிதான், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. 'படம் சின்னதாகத் தெரியுது' என்று யாராவது சொன்னால் கருவியில் கோளாறு தேடாதீர்கள், இழுத்து நிரப்பவும் செய்யாதீர்கள், முகமெல்லாம் நீண்டுவிடும்.

இனி ஒலி. எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. இந்தப் படங்களின் தடம் 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கு எனத் தனித்தனியாகப் பிரித்த ஒலி. அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பது இடது, வலது இரண்டு பெட்டி. மடிக்கணினி 5.1 என்றே அனுப்பிக்கொண்டிருந்தால் இசையும் வெடியும் கேட்கும், பேச்சு காணாமல் போகும். ஆபரேட்டர் மொத்தச் சத்தத்தைக் கூட்டுவார், வெடி காதைப் பிளக்கும், பேச்சு வராது. செய்ய வேண்டியது, படம் ஓடும் மென்பொருளில் ஒலி வெளியீட்டை 'ஸ்டீரியோ' என்று மாற்றுவது. நடுத் தடம் இரண்டு பெட்டிக்கும் பிரிந்து வந்துவிடும். இரவுநேர ஒலி என்ற வசதி இருந்தால் அதையும் போடுங்கள், முணுமுணுப்பு உயரும், வெடி தணியும்.

பெட்டிகள் 12 அங்குலம், ஆம்ப் உள்ளேயே இருக்கிற வகை, இரண்டு. திரைக்கு இருபுறமும், திரையைவிட ஓரடி முன்னால், ஆறடி உயரத் தாங்கியில். தாழ்வாரத்துப் பெரியவர்களுக்கு 8 அங்குலப் பெட்டி இரண்டு தனியாக, மெல்லிய சத்தத்தில். அவற்றின் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தாமல் விட்டால் முன்னால் வரும் ஒலியும் பக்கத்து ஒலியும் மோதி வசனம் இரட்டையாகக் கேட்கும். அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு கணக்கு. முன்பெட்டியிலிருந்து 30 அடி என்றால் 27 மில்லிசெகண்டு, அதற்குமேல் ஒரு 10 கூட்டி 37 வையுங்கள். அப்போது பேச்சு திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். மிக்ஸரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பின்பெட்டிகளுக்கு வெட்டிவிடுங்கள், 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றுங்கள். வல்லினம் துலங்கும்.

சப்-ஊஃபர் ஒன்று போதும், மூலையில் வைக்காதீர்கள். பழைய ஜன்னலின் வண்ணக் கண்ணாடி, நிலைக்கதவின் பித்தளைக் குமிழ், பரணில் இருக்கும் பாத்திரம் எல்லாம் சேர்ந்து அதிரும், அந்த அதிர்வு வசனத்தின் மேல் விழும். புளூடூத் இணைப்பும் வேண்டாம், வாய் ஒரு நேரம், சத்தம் ஒரு நேரமாகப் போகும். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓசை வந்தால் அது எர்த் சிக்கல். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் உறுதி. மடிக்கணினிக்கும் மிக்ஸருக்கும் இடையில் ஒலி ஒயரில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் சரியாகும்.

மின்சாரம்: விளக்கு வகைக் கருவியில் திடீரென்று கரண்டு போனால் விசிறி நின்று, சூட்டில் விளக்கு போய்விடும். 1 கேவிஏ யுபிஎஸ் ஒன்றில் ப்ரொஜெக்டரையும் மடிக்கணினியையும் மட்டும் மாட்டுங்கள், ஜெனரேட்டர் எடுக்கும்வரை தாங்கும். ஸ்பீக்கரை அதில் மாட்ட வேண்டாம். 30 மீட்டர் ஒயர் இழுப்பதாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் கனம்.

முகப்புத்திண்ணை:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். முற்றம் என்று முடிவு. இரண்டு சந்தேகம். சூப்பர்ஹீரோ படத்துக்கு இப்போது மவுசு குறைந்துவிட்டது, எதற்கு இந்தச் செலவு என்று சில மாமாமார் கேட்கிறார்கள். என்ன சொல்வது? அடுத்தது, அவெஞ்சர்ஸா மாவீரனா?

இரும்புக்கை:

மவுசு குறைந்தது எல்லாப் படத்துக்கும் இல்லை. எண்ட்கேம் உலகம் முழுக்க 280 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. 2023-இல் வந்த தி மார்வெல்ஸ் 20 கோடி டாலர் அளவில் நின்றது, அந்த வரிசையிலேயே மிகக் குறைவு. காரணம் தேட வேண்டியதில்லை. அதன் மூன்று நாயகிகளையும் அறிய முந்தைய படம் ஒன்றும், ஓடிடி தொடர் இரண்டும் பார்த்திருக்க வேண்டும். சினிமாவுக்குப் போக வீட்டுப்பாடம் செய்யச் சொன்னால் யார் வருவார்கள்? அடுத்த வருடமே டெட்பூலும் வுல்வரினும் சேர்ந்த படம் 130 கோடியைத் தாண்டியது. உங்கள் படங்கள் வீட்டுப்பாடம் கேட்காதவை.

மாமாமாரிடம் ஒன்று கேளுங்கள்: சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி படித்தவர்கள் யார்? 1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த ஆளைப் படித்த தலைமுறை அது. அவர்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ் இருந்தால் முகப்பில் ஒரு மேசை போட்டு வையுங்கள். படம் தொடங்கும் முன் பிள்ளைகள் அதைப் புரட்டட்டும், பெரியவர்கள் சொல்லட்டும்.

மூன்றாம் நாளுக்கு மாவீரன். பின்னணிக்குரல் சொல்வது சரி, என் தேர்வை மாற்றிக்கொள்கிறேன். அவெஞ்சர்ஸ் கேட்ட பிள்ளைகள் ஏமாற வேண்டாம். அனுமதிக் கடிதத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள், கிடைத்தால் நான்காம் நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக்கல்:

ஒன்று விட்டுப்போயிற்று. முதல் நாளுக்கு முந்தின இரவு, அதே 7.10க்கு, முழு ஏற்பாட்டையும் போட்டுப் பாருங்கள். பகலில் சோதித்தால் எதிர்வீட்டு மாடி விளக்கு திரையில் விழுவது தெரியாது. இரண்டு பேர் தாழ்வாரத்தின் கடைசி நாற்காலியில் உட்காரட்டும், அதில் ஒருவர் காது கொஞ்சம் மந்தமான பெரியவராக இருந்தால் நல்லது. ஸ்பைடர்மேனில் பெரியப்பா காரில் உட்கார்ந்து பையனிடம் பேசும் காட்சியைப் போடுங்கள். அவர் பேசியதை அந்தப் பெரியவர் திருப்பிச் சொல்ல முடிந்தால் சத்தத்தின் அளவு சரி. அந்த இடத்தில் மிக்ஸர் குமிழ்களுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். மூன்று நாளும் அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் திருப்பக் கூடாது. பூச்சிக்கு, திரையிலிருந்து தள்ளி வெளி முகப்பில் ஒரு குண்டு பல்பு எரியட்டும். இல்லாவிட்டால் ஈசல் முழுக்க ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்குத்தான் வரும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். தினமும் படம் முடிந்து, விசிறி தானாக நின்றபிறகு, வடிகட்டியைக் கழற்றித் தூரிகையால் தட்டிவிடுங்கள்.